பெயர் ஒத்துப்போனால் உடனே திருட்டா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாஃப்ட்வேர் கம்பெனிகள் பெயருக்காகக் கோர்ட் படி ஏறும் செய்தி வரும்போதெல்லாம் உங்கள் வணிகப் பக்கத்தில் 'பெயர்த் திருட்டு' என்று தலைப்பு போட்டுவிடுகிறீர்கள். சின்ன கம்பெனி பெரிய கம்பெனி மேல் வழக்கு போட்டாலும் அதே தலைப்பு, பெரியது சின்னதின் மேல் போட்டாலும் அதே தலைப்பு. கோவையில் மளிகைக்கடை, ஜவுளிக்கடை, மருந்துக்கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்கு இது வெகு நாளாக உறுத்துகிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். சுருக்கிப் போட்டாலும் பரவாயில்லை, வழக்கு விவரங்களை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

திருட்டு என்று சொல்லிவிட்டால், யார் முதலில் வைத்தது என்ற ஒரே கேள்வியோடு விஷயம் முடிந்துவிடும். டிரேட்மார்க் சட்டம் அப்படி யோசிப்பதில்லை. வாங்குகிறவர் குழம்புவாரா, இவருடைய சரக்கை அவருடையது என்று நினைத்துக் காசு கொடுத்துவிடுவாரா என்பதுதான் அங்கே முதல் கேள்வி. அப்புறம் இன்னொன்றும் உண்டு: அந்தப் பெயர் ஒருவர் தனக்கென்று வளைத்துப்போடக்கூடியதுதானா, இல்லை அந்தத் தொழிலில் எல்லோரும் புழங்குகிற சொல்லா? இந்த இரண்டையும் கேட்காமல் எழுதினால் செய்தி யார் பக்கம் சாயும் என்று சொல்லவே வேண்டியதில்லை, எந்த வக்கீல் முதலில் நிருபரைக் கூப்பிட்டாரோ அவர் பக்கம்தான்.

குழப்பம் என்றால் என்ன என்பதற்கு ஸ்கைடிரைவ் கதையைப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் தன் ஆன்லைன் சேமிப்புச் சேவைக்கு வைத்திருந்த பெயர் அது. பிரிட்டனில் ஸ்கை என்ற பெயரில் டிவியும் பிராட்பேண்டும் விற்கிற பிஸ்கைபி நிறுவனம் வழக்கு போட்டது. ஸ்கை என்றால் வானம், அதை ஒரு டிவி கம்பெனி எப்படிச் சொந்தம் கொண்டாடலாம் என்று கேட்கத் தோன்றும். ஆனால் ஸ்கைடிரைவ் வேலை செய்யவில்லை என்று ஜனங்கள் ஸ்கை டிவியின் கஸ்டமர் கேர் நம்பருக்கே போன் செய்து புகார் சொல்லியிருக்கிறார்கள், அந்த அழைப்புகளே கோர்ட்டில் சாட்சியமாக வந்து நின்றன. இதைவிடத் தெளிவாகக் குழப்பத்தை யார் நிரூபிக்க முடியும்? 2013 ஜூனில் லண்டன் உயர் நீதிமன்றம் ஸ்கை பக்கம் தீர்ப்பு சொன்னது, அடுத்த மாதமே சமரசம், 2014 தொடக்கத்தில் உலகம் முழுக்க அது ஒன்டிரைவ் ஆகிவிட்டது. இங்கே யாரும் எதையும் திருடவில்லை. ஆனாலும் பெயர் போக வேண்டியிருந்தது.

பொதுச்சொல் விவகாரத்துக்கு லிண்டோஸ் வழக்கு மாதிரி வேறொன்று கிடையாது, நம் பத்திரிகைகள் இதைச் சரியாக எழுதி நான் பார்த்ததில்லை. எம்பி3.காம் நிறுவனத்தை ஆரம்பித்த மைக்கேல் ராபர்ட்சன் 2001இல் லினக்ஸ் என்ற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை அடிப்படையாக வைத்து ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம் செய்யக் கிளம்பினார், பெயர் லிண்டோஸ். விண்டோஸ் புரோகிராம்களும் இதில் ஓடும் என்பது ஆரம்ப காலத்து வாக்குறுதி. அந்த வருஷம் டிசம்பரிலேயே மைக்ரோசாஃப்ட் சியாட்டில் கோர்ட்டில் வழக்கு போட்டது. உங்கள் வணிகப் பக்கம் அன்று எழுதியிருந்தால் திருட்டு என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும், முதல் எழுத்தை மட்டும் மாற்றிவிட்டு மிச்சத்தை அப்படியே வைத்துக்கொண்ட பெயர் அல்லவா.

லிண்டோஸ் என்ற பெயருக்குத் தடை கொடுக்க நீதிபதி மறுத்துவிட்டார். ஏன் என்றால் விண்டோஸ் என்ற சொல்லே மைக்ரோசாஃப்டுடையதா என்பதில் அவருக்குச் சந்தேகம். 1985 நவம்பரில் விண்டோஸ் 1.0 வெளிவருவதற்கு முன்னாலேயே ஸெராக்ஸ் ஸ்டார், ஆப்பிள் லிசா கம்ப்யூட்டர்களும் விசிகார்ப்பின் விசி ஆன் சாஃப்ட்வேரும் திரையில் கட்டம் கட்டமாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தன, அந்தக் கட்டங்களை அந்தத் தொழிலில் எல்லோரும் விண்டோஸ் என்றுதான் சொன்னார்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1984இல் செய்த சிஸ்டத்துக்கே எக்ஸ் விண்டோ என்று பெயர். அமெரிக்க டிரேட்மார்க் அலுவலகமே 1993இல் மைக்ரோசாஃப்டின் விண்ணப்பத்தை ஒருமுறை தள்ளிவிட்டு 1995இல்தான் பதிவு கொடுத்தது. இதையெல்லாம் வைத்து 2004 பிப்ரவரியில் நீதிபதி இன்னும் ஒரு படி மேலே போய், 1985க்கு முன் அது பொதுச்சொல்லாக இருந்ததா என்று ஜூரி பார்க்கட்டும், அப்படி இருந்திருந்தால் அதற்குப் பிறகு எத்தனை கோடி விளம்பரத்தில் கொட்டியிருந்தாலும் கணக்கில் வராது என்று சொன்னார். மைக்ரோசாஃப்ட் பதறிக்கொண்டு மேல்கோர்ட்டுக்குப் போனது, அவர்கள் இப்போது தலையிட மாட்டோம் என்றார்கள். கடைசியில் 2004 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் 2 கோடி டாலர் கொடுத்தது. யாருக்கு? தான் வழக்கு போட்ட அதே லிண்டோஸ் கம்பெனிக்கு. பதிலுக்கு அவர்கள் அந்தப் பெயரை விட்டுக்கொடுத்தார்கள். அதற்குள் நெதர்லாந்து கோர்ட் தடை போட்டுவிட்டதாலும் மற்ற நாடுகளிலும் வழக்கு துரத்தியதாலும் லிண்டோஸ் ஏப்ரலிலேயே லின்ஸ்பயர் என்று பெயரை மாற்றிக்கொண்டிருந்தது, அது வேறு கதை. வாதியே பிரதிவாதிக்குக் காசு கொடுத்து முடித்த ஒரு வழக்கை எந்தக் கணக்கில் திருட்டு என்பது?

நம் ஊர்க் கோர்ட்டுகளும் இதே இரண்டு கேள்விகளைத்தான் கேட்கின்றன. சிஃபி என்ற பெயர் சென்னைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும், இந்தியாவின் முதல் தனியார் இன்டர்நெட் கம்பெனி, ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு அவர்களுடைய பிரவுசிங் சென்டர் இருந்தது. சத்யம் இன்ஃபோவே என்ற கம்பெனிப் பெயரின் எழுத்துகளைக் கோத்து உருவாக்கிய பெயர் அது, அகராதியில் தேடினாலும் கிடைக்காது. பெங்களூரில் ஒரு கம்பெனி ஒரு எஃப் எழுத்தைக் கூடுதலாகப் போட்டு சிஃப்பிநெட் என்று டொமைன், அதாவது இணையதள முகவரி, வாங்கியது. கேட்டதற்கு, எங்கள் ஐந்து புரமோட்டர்களின் பெயர்களில் முதல் எழுத்துகளைச் சேர்த்தோம் என்றார்கள். கீழ்க்கோர்ட் தடை கொடுத்தது, கர்நாடக உயர் நீதிமன்றம் இரண்டும் வேறு வேறு தொழில் என்று சொல்லி அதை நீக்கியது, 2004 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையைத் திரும்பக் கொண்டுவந்தது. புரமோட்டர் விளக்கம் எடுபடவில்லை. டொமைன் பெயருக்கும் டிரேட்மார்க் மாதிரியே பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது இந்த வழக்கில்தான்.

இதற்கு நேர்மாறாக ஒன்று, அதுவும் சென்னையில். பாரத்மேட்ரிமோனி, தமிழ்மேட்ரிமோனி, தெலுங்குமேட்ரிமோனி எல்லாம் நடத்துகிற கம்பெனி, அப்போது அதன் பெயர் கன்சிம் இன்ஃபோ, கூகுள் மீதும் போட்டி வரன் தேடும் தளங்கள் மீதும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு போட்டது. யாராவது எங்கள் பெயரைத் தட்டித் தேடினால் பக்கத்திலேயே போட்டியாளர் விளம்பரம் வருகிறது என்பது புகார். புகாரில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் 2010 செப்டம்பரில் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் இடைக்காலத் தடை கொடுக்க மறுத்தார். தமிழ், மேட்ரிமோனி என்ற இரண்டு சொற்களுமே சேவை என்ன என்பதை விவரிக்கிற சொற்கள், தமிழ் வரன் தேடுகிறவர் வேறு எந்தச் சொல்லைத்தான் தட்டுவார்? அதேபோல போன்பே கம்பெனி பாரத்பே மீது டெல்லியில் போட்ட வழக்கில் 2021 ஏப்ரலில், பணம் கட்டுவதைக் குறிக்கிற 'பே' என்ற துண்டை மட்டும் தனியாகப் பிடித்துக்கொண்டு உரிமை கேட்க முடியாது என்று சொல்லித் தடை மறுத்தார்கள். அந்தச் சண்டை 2024இல் சமரசத்தில் முடிந்தது.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெரிய கம்பெனிகள் கோர்ட்டில் மோதுவது பேப்பரில் வருகிறது, எங்களை மாதிரி ஆட்களுக்குக் கோர்ட் வரைக்கும் போகவே வேண்டாம், ஒரு வக்கீல் நோட்டீஸே போதும். எங்கள் கட்டடத்து மாடியில் இரண்டு பையன்கள் ஒரு பில்லிங் ஆப் செய்து திருப்பூர், ஈரோடு பக்கம் நூற்றுச் சொச்சம் கடைகளுக்குக் கொடுத்திருந்தார்கள். அவர்களுடைய பெயரில் 'பில்' இருந்தது, இன்னொரு ஊர்க் கம்பெனியின் பெயரிலும் 'பில்' இருந்தது, அவ்வளவுதான் ஒற்றுமை. பதிவுத் தபாலில் நோட்டீஸ் வந்தது. எங்கள் கட்சிக்காரர் அரும்பாடுபட்டுச் சேர்த்த நற்பெயரை நீங்கள் கெட்ட எண்ணத்தோடு அபகரித்து, என்று ஆரம்பித்து, 15 நாளில் பெயரை விட்டுவிட வேண்டும், விற்ற கணக்கு முழுவதையும் ஒப்படைக்க வேண்டும், இல்லாவிட்டால் நஷ்ட ஈடு என்று ஒரு தொகை, அதில் எத்தனை பூஜ்யம் என்று விரல் வைத்துத்தான் எண்ண வேண்டும். பையன்கள் பயந்துபோய் ஒரே வாரத்தில் பெயரை மாற்றிவிட்டார்கள். பேனர், விசிட்டிங் கார்டு செலவெல்லாம் கூடச் சமாளித்துவிடலாம். அப்டேட் போனதும் கடைகளில் கம்ப்யூட்டர் திரையில் இருந்த ஐகானின் பெயர் மாறிவிட்டது, திருப்பூரில் ஒரு பனியன் கடையில் காலையில் சிஸ்டத்தைத் திறந்த பெண் இது ஏதோ வைரஸ் என்று நினைத்து அதை அழித்தே விட்டார். முதலாளி போனில் கத்திய கத்தல் எங்கள் ஆபீஸ் வரைக்கும் கேட்டது.

வேடிக்கை என்னவென்றால் நோட்டீஸில் பெருமையாகப் போட்டிருந்த நம்பர் பதிவு எண்ணே இல்லை, வெறும் விண்ணப்ப எண். டிரேட்மார்க் அலுவலகத்தின் இணையதளத்தில் அந்த நம்பரைப் போட்டால் ஸ்டேட்டஸ் 'அப்ஜெக்டட்' என்று வந்தது, அதாவது அந்தப் பெயரைப் பதிய அலுவலகமே ஆட்சேபம் எழுப்பியிருக்கிறது. பதிவாகாத மார்க்கை வைத்துக்கொண்டு உரிமை மீறல் வழக்கு போட முடியாது. பாஸிங் ஆஃப் வழக்கு, அதாவது தன் சரக்கை எங்களுடையது போலக் காட்டி விற்கிறார் என்ற வழக்கு, போடலாம், அதற்குத் தனக்கு நற்பெயர் இருக்கிறது, ஜனங்கள் ஏமாறுகிறார்கள் என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். பதிவே ஆகியிருந்தாலும் 1999ஆம் வருஷச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பெயருக்குள் இருக்கிற பொதுச்சொல் துண்டுக்குத் தனியாக உரிமை தருவதில்லை. 34ஆம் பிரிவு, அவர்களுக்கு முன்னாலிருந்தே அந்தப் பெயரைத் தொடர்ந்து புழங்குகிறவரைக் காப்பாற்றுகிறது. 142ஆம் பிரிவு என்று ஒன்று இருப்பது வக்கீல்களிலேயே சிலர் மறந்துவிட்ட விஷயம், ஆதாரமில்லாமல் டிரேட்மார்க் மிரட்டல் விடுகிறவர் மீது மிரட்டப்பட்டவரே வழக்கு போடலாம் என்கிறது அது. இதை எந்தத் தமிழ்ப் பத்திரிகையாவது ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போட்டிருக்கிறதா?

அதற்காக எல்லா நோட்டீஸும் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. நாளைக்கே ஒருவர் டாலி என்ற பெயரில் ஒரு எழுத்தைக் கூட்டிப்போட்டுக் கணக்கு சாஃப்ட்வேர் விற்றால் நானே போய் அவரை நிறுத்தச் சொல்வேன், கடைக்காரர் நிச்சயம் ஏமாறுவார். கேட்கிறவர் கேட்கிற விதமும் முக்கியம். 2016 மார்ச்சில் நடந்தது ஞாபகம் இருக்கும். கிக் என்ற கனடா மெசேஜிங் கம்பெனி, என்பிஎம் என்ற கிடங்கில் (ஜாவாஸ்கிரிப்ட் என்ற புரோகிராமிங் மொழியில் எழுதுகிறவர்கள் தங்கள் நிரல்களைப் பொதுவில் வைக்கிற இடம்) அதே பெயரில் ஒரு புரோகிராமர் ஏற்கெனவே வைத்திருந்த பேக்கேஜின், அதாவது நிரல் தொகுப்பின், பெயரைக் கேட்டது. கேட்ட மெயிலிலேயே எங்கள் வக்கீல்கள் உன் கதவைத் தட்டுவார்கள் என்கிற தொனி. அவர் முடியாது என்றார், பதிலுக்கு 30,000 டாலர் கொடு பார்க்கலாம் என்றும் சொன்னார், அதுவும் அழகில்லைதான். என்பிஎம் நிர்வாகம் பெயரைப் பிடுங்கிக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டது. கோபத்தில் அந்த ஆள் தான் எழுதிய இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பேக்கேஜ்களைக் கிடங்கிலிருந்து மொத்தமாக எடுத்துவிட்டார். அதில் லெஃப்ட்-பேட் என்ற ஒன்று, வெறும் 11 வரி, ஒரு சொல்லுக்கு இடது பக்கம் இடைவெளியோ பூஜ்யமோ சேர்க்கிற வேலை மட்டும்தான். அதை பேபல் என்ற புரோகிராமர் கருவி நம்பியிருந்தது, பேபலை ரியாக்ட் உட்பட ஆயிரக்கணக்கான திட்டங்கள் நம்பியிருந்தன, அன்றைக்கு உலகம் முழுக்க பில்டுகள், அதாவது நிரலை ஓடும் சாஃப்ட்வேராக ஆக்குகிற வேலைகள், நின்றுபோயின. சில மணி நேரத்தில் என்பிஎம் தானே அதைத் திரும்ப ஏற்ற வேண்டிவந்தது. ஒரு மெசேஜிங் ஆப்பையும் புரோகிராமர்கள் மட்டும் பார்க்கிற ஒரு பேக்கேஜையும் யார் குழப்பிக்கொள்ளப் போகிறார்கள் என்ற கேள்வியை அன்று ஒருவரும் நிதானமாகக் கேட்கவில்லை.

நல்லபடியாக முடிந்ததும் உண்டு. மொஸில்லாவின் ஃபயர்பாக்ஸ் பிரவுசர் 2002இல் வந்தபோது அதன் பெயர் ஃபீனிக்ஸ். கம்ப்யூட்டரைத் துவக்குகிற பயாஸ் சாஃப்ட்வேர் செய்கிற ஃபீனிக்ஸ் டெக்னாலஜீஸ் ஆட்சேபித்தது, 2003 ஏப்ரலில் ஃபயர்பேர்ட் என்று மாற்றினார்கள். ஃபயர்பேர்ட் என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு திறந்த மூல டேட்டாபேஸ் இருந்தது, காசில்லாத தன்னார்வலர் கூட்டம், கோர்ட்டுக்குப் போகவில்லை, ஆனால் மெயில் அனுப்பியே மொஸில்லாவை உண்டு இல்லை என்று பண்ணிவிட்டார்கள். 2004 பிப்ரவரியில் மூன்றாவது பெயர், இந்த முறை முன்கூட்டியே தேடிப் பார்த்து வைத்த பெயர். அதே மொஸில்லாதான் இரண்டு வருஷம் கழித்து, எங்கள் லோகோ இல்லாமல் எங்கள் பெயரை மட்டும் போடக்கூடாது என்று டெபியன் என்ற லினக்ஸ் பதிப்பை வெளியிடுகிறவர்களிடம் கறாராக நின்றது. டெபியனில் அந்த பிரவுசர் 2016 வரைக்கும் ஐஸ்வீசல் என்ற பெயரில் வந்ததற்கு அதுதான் காரணம். அடி வாங்கியவர் கையிலும் ஒரு நாள் பிரம்பு வந்துவிடுகிறது.

இப்போது நடக்கிற ஒரு வழக்கை உங்கள் நிருபர்கள் கவனித்தால் நன்றாக இருக்கும். ஜாவாஸ்கிரிப்ட் என்ற பெயர் ஆரக்கிள் கம்பெனியின் டிரேட்மார்க் என்பது அதில் தினமும் வேலை செய்கிற நம் பிள்ளைகளில் பலருக்கே தெரியாது. 1995இல் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் எழுதிய மொழி, முதலில் மோக்கா, பிறகு லைவ்ஸ்கிரிப்ட், அந்த வருஷக் கடைசியில் சன் நிறுவனத்தோடு கைகோத்து ஜாவாஸ்கிரிப்ட். 1997இல் சன் பெயரில் பதிவானது, 2010இல் சன்னை வாங்கியபோது இதுவும் ஆரக்கிளிடம் போனது. அந்த மொழிக்கான அதிகாரபூர்வத் தரத்துக்கே எக்மாஸ்கிரிப்ட் என்று வேறு பெயர் வைக்க வேண்டியிருந்தது இந்த உரிமை விவகாரத்தால்தான். 2024 நவம்பரில் டெனோ நிறுவனம் இந்தப் பதிவை ரத்து செய்யச் சொல்லி அமெரிக்க டிரேட்மார்க் அலுவலகத்தில் மனு போட்டது. ரயன் டால், நோட்.ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவியை எழுதியவர், அவருடைய கம்பெனி அது. மனுவில் சுவாரசியமான ஒரு விஷயம்: 2019இல் பதிவைப் புதுப்பிக்கும்போது, இந்தப் பெயரை நாங்கள் பயன்படுத்துகிறோம் என்று காட்ட ஆரக்கிள் கொடுத்த ஆதாரங்களில் நோட்.ஜேஎஸ் தளத்தின் ஸ்க்ரீன்ஷாட்டும் இருந்ததாம், ஆரக்கிளுக்குச் சம்பந்தமே இல்லாத தளம். 2025 ஜூனில், ஆரக்கிள் மோசடி செய்தது என்ற குற்றச்சாட்டைத் தள்ளிவிட்டார்கள், பொதுச்சொல் ஆகிவிட்டது, உரிமையாளரே கைவிட்டுவிட்டார் என்ற மற்ற இரண்டு வாதங்களையும் தள்ளவில்லை. விண்டோஸ் விஷயத்தில் ஜூரி வரை போகாமல் காசு கொடுத்து மூடிய அதே கேள்விதான் இங்கேயும்.

கடைசியாக உங்களிடம் ஒரு கோரிக்கை. அடுத்த முறை இப்படி ஒரு வழக்குச் செய்தி போடும்போது, மார்க் பதிவாகியிருக்கிறதா வெறும் விண்ணப்பமா, எந்த வகுப்பில், அதாவது எந்த வகைச் சரக்குக்கு அல்லது சேவைக்கு (சாஃப்ட்வேருக்குப் பெரும்பாலும் 9 அல்லது 42), கோர்ட் கொடுத்தது இடைக்கால உத்தரவா இறுதித் தீர்ப்பா என்ற மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். பதிவு விவரத்தை டிரேட்மார்க் அலுவலகத்தின் தளத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம், ஒலி ஒத்த பெயர்களைத் தேடவும் தனி வசதி இருக்கிறது, நிருபருக்கு அரை மணி நேரம் கூட ஆகாது. புதிதாகப் பெயர் வைக்கிற எங்கள் தொழில் பையன்களும் லோகோ வரைவதற்கு முன்னால் அதே அரை மணி நேரத்தை அங்கே செலவழிக்கலாம். தனிநபருக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு விண்ணப்பக் கட்டணம் 4,500 ரூபாய்தான், சென்னை கிண்டியில் இருக்கிற டிரேட்மார்க் அலுவலகத்துக்கு நேரில் போகவேண்டிய அவசியமும் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பீளமேடு, கோயம்புத்தூர்.